லடாக் பயணம்: பெட்டிக்கு முன்னால் காலண்டர்

தில்லியிலிருந்து லே நகருக்கு விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்துக்குள் பயணி ஏறிவிடும் உயரம் 3,000 மீட்டர். தில்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லேயின் குஷோக் பகுலா ரிம்போச்சே விமான நிலையம் 3,256 மீட்டரில் இருக்கிறது. ஊர் அதற்கும் மேலே, சுமார் 3,500 மீட்டரில். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஊட்டிக்குப் போய் தொட்டபெட்டாவில் குளிருக்கு ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக் கொண்டவர்கள் நின்ற இடம் 2,637 மீட்டர். தெற்கில் எந்த மலை உச்சியில் ஏறி நின்றவரும், அதைவிட உயரமான ஓர் ஊரில், காலை டிபன் நேரத்தில், பெட்டியும் கையுமாக இறங்குகிறார்.

உடம்புக்கு இது தெரியாது. அதற்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்கு லடாக் திறந்துவிடப்பட்டது 1974-ல். 2009-ல் வெளிவந்த '3 இடியட்ஸ்' இந்திப் படத்தின் கடைசிக் காட்சிக்குப் பிறகு பாங்காங் ஏரி வீட்டுக்கு வீடு தெரிந்த இடமாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மொத்த மக்கள்தொகை 2.74 லட்சம். 2022-ல் அங்கே வந்து போன சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். சென்னை, கோவை, பெங்களூர், மும்பை என்று எங்கிருந்து கிளம்பும் கோஷ்டியானாலும் ஏற்பாடுகள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. யார் ஜாக்கெட் வாங்குவது, யாரிடம் கையுறை இருக்கிறது, எந்த ஷூ வழுக்காது என்று மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. பட்டியலில் எல்லாம் இருக்கும். சும்மா இருக்க இரண்டு நாள் மட்டும் இருக்காது. லடாக் பயணத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நாள்தான்.

மெலிந்த காற்று

உயரே போனால் காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மெரினாவிலும் லேயிலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றே குறைவு. லேயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கார்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி.

உடல் இதற்கு ஈடுகொடுக்கத் தெரிந்தது. முதல் சில மணி நேரத்திலேயே மூச்சும் நாடித்துடிப்பும் வேகமெடுக்கின்றன. சிறுநீரகம் ரத்தத்தின் கார அமிலச் சமநிலையைச் சரிசெய்து, மேலும் ஆழமாக மூச்சுவிட வழிசெய்கிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ரத்தச் சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலையைப் பணம் கொடுத்து விரைவுபடுத்த முடியாது. உடற்பயிற்சியும் இதில் பெரிய உதவி செய்வதில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடும் இளைஞர் முதல் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பதும், அவருடைய அம்மா மெல்ல நடந்து ஒரு குறையும் இல்லாமல் இருப்பதும் லேயில் சாதாரணம். இளைஞர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் உள்ள நம்பிக்கையே அவர்களுக்கு எதிரி. தெம்பாக இருக்கிறது என்று முதல் நாளே மாடிப்படி, மடாலப்படி எல்லாம் ஏறிவிடுகிறார்கள்.

ராணுவம் கற்ற பாடம்

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னவர்களில் இந்தியர்கள் உண்டு. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து வீரர்கள் அவசர அவசரமாக மலைக்கு அனுப்பப்பட்டார்கள். துப்பாக்கிக் குண்டு படாமலே பலர் விழுந்தார்கள். ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் மலைநோய் பற்றிய முக்கிய ஆவணங்களில் ஒன்று.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ராணுவத்தின் நாள் கணக்கு. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை உள்ள இடத்துக்குப் போகும் வீரர் முதலில் 6 நாள் பழக வேண்டும். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை. 12,000 அடிக்கு மேல் போக இன்னும் 4 நாள். 15,000 அடிக்கு மேல் போக மறுபடி 4 நாள். ஆக, 14 நாள். வயதில் சிறியவர், பயிற்சி பெற்றவர், மருத்துவப் பரிசோதனையில் தேறியவர். அவருக்கே இந்தக் கணக்கு.

இதோடு ஒப்பிட வேண்டியது சந்தையில் விற்கும் '5 இரவு 6 பகல்' திட்டம். முதல் நாள் காலை லேயில் இறங்கி, மாலையில் சாந்தி ஸ்தூபம். இரண்டாம் நாள் கார்துங் லா வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் ஷயோக் ஆற்றோரமாக பாங்காங். நான்காம் நாள் சாங் லா வழியாக லே. லேயில் இறங்கி முப்பது மணி நேரம் ஆவதற்குள் ஒரு குடும்பம், குழந்தை குட்டிகளோடு, 5,359 மீட்டரில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. (அங்கே உள்ள பலகை 18,380 அடி என்று சொல்லும். உண்மையில் அளந்தது 17,582 அடி. உடம்புக்கு அந்த 800 அடிச் சலுகையால் பெரிய லாபமில்லை.)

பெரும்பாலானோர் இப்படியும் போய்த் திரும்பி வந்துவிடுகிறார்கள். அதுதான் சிக்கல். 'போன வருஷம் நாங்க அப்படித்தான் போனோம், ஒண்ணும் ஆகலை' என்று சொல்ல ஆள் கிடைத்துவிடுகிறது. ஆகிவிட்டவர்கள் வந்து சொல்வதில்லை.

பத்து நாள் கணக்கு

விமானத்தில் வருபவர்கள் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது லே நிர்வாகம் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. ஓய்வு என்றால் காரில் உட்கார்ந்து ஊர் சுற்றுவதல்ல. முதல் நாள் அறையை விட்டு வராமல் இருந்தால் நல்லது. இரண்டாம் நாள் கடைத்தெரு வரை மெதுவாக ஒரு நடை போதும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புபவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது. பிற்பகலில் காற்று பலமாக வீசுவதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். அதைப் பிடிக்க, இரவு விமானத்தில் தில்லிக்கு வந்து, விமான நிலைய நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். தூக்கமில்லை, சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, வயிறும் சரியில்லை. அந்த உடம்போடு 3,500 மீட்டருக்குப் போவது கடனோடு வியாபாரம் தொடங்குவது மாதிரி. ஒரு ராத்திரி தில்லியில் தங்கித் தூங்கிவிட்டுப் போவது வீண் செலவல்ல.

பத்து நாள் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் லேயில் ஓய்வு. மூன்றாம் நாள் சிந்து நதிக்கரையோரம் ஷே, திக்சே, ஹெமிஸ் மடாலங்கள். இவை லேயோடு ஏறக்குறைய ஒட்டிய உயரம்தான். நான்காம் நாள் கார்துங் லாவைத் தாண்டி நுப்ரா. கணவாயில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நுப்ராவில் உள்ள திஸ்கித், ஹுந்தர் ஊர்கள் சுமார் 3,100 மீட்டர், அதாவது லேயைவிடத் தாழ்வு. அங்கே இரண்டு இரவு நன்றாகத் தூக்கம் வரும். ஆறாம் நாள் லே. ஏழாம் நாள் பாங்காங், அங்கே ஒரே ஒரு இரவு. எட்டாம் நாள் திரும்பி லே. ஒன்பதாம் நாள் கையிருப்பு. வானிலை கெட்டால் விமானம் ரத்தாவதும் மண்சரிவில் பாதை அடைபடுவதும் அங்கே புதிதல்ல. பத்தாம் நாள் ஊருக்கு.

இன்னொரு வழியும் உண்டு. லேயில் இறங்கியதும் காரில் மேற்கே, சிந்து நதி போகும் திசையில் இறங்கி, சுமார் 3,100 மீட்டரில் உள்ள ஆல்ச்சியில் முதல் இரண்டு இரவு தங்கலாம். பழைய சுவரோவியங்களுக்குப் பேர்போன மடாலம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 400 மீட்டர் இறக்கம் சிறிய விஷயமாகத் தோன்றும். ராத்திரித் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

மருத்துவ விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, படுத்துத் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட, ராத்திரி எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. ஹான்லே, த்ஸோ மோரிரி போன்ற இடங்களில் படுக்கையே 4,200 மீட்டருக்கு மேல். 2021-ல் சாலை போடப்பட்ட உம்லிங் லா 19,024 அடி. இவை பத்து நாள் பட்டியலில் நுழையக் கூடாது. அவற்றுக்கு இன்னும் நான்கைந்து நாள் வேண்டும், அல்லது அடுத்த வருடம்.

எந்தச் சாலை?

சாலை வழியாகப் போனால் உடம்பு தானே பழகிவிடும் என்பது பாதி உண்மை. ஸ்ரீநகர் வழி அந்த நம்பிக்கைக்கு ஓரளவு தகுதியானது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். ஸோஜி லா 3,528 மீட்டர். அதைக் கடந்து கார்கிலில் இரவு தங்கினால் அது 2,676 மீட்டர். மறுநாள் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோத்து லாவைத் தாண்டி லே. ஏறி, இறங்கி, மீண்டும் ஏறுகிற இந்த வழி உடம்புக்கு இதமானது.

மணாலி வழி வேறு. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு ரோதாங் கணவாயின் தொல்லை நீங்கியது. ஆனால் அதோடு வேகமும் கூடிவிட்டது. மணாலி சுமார் 2,050 மீட்டர். வழக்கமாக இரவு தங்கும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். ஒரே நாளில் இந்த ஏற்றம் ஏறி, கூடாரத்தில் படுத்தால் நடு இரவில் தலை பிளக்கும். அப்போது இறங்கவும் வழியில்லை. ஒரு பக்கம் பாரலாச்சா லா சுமார் 4,890 மீட்டர். மறுபக்கம் 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்கள். சர்ச்சு ஒரு கிண்ணம் மாதிரி, எந்தப் பக்கம் வெளியேறினாலும் ஏற்றம்தான்.

விவரம் தெரிந்தவர்கள் கேலாங் அல்லது ஜிஸ்பாவில், சுமார் 3,100 - 3,200 மீட்டரில், இரண்டு இரவு தங்குகிறார்கள். மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பி, சர்ச்சுவில் படுக்காமல், நேராக லே போய்ச் சேர்கிறார்கள். அன்று நீண்ட பயணம்தான், ஆனால் படுக்கை 3,500 மீட்டரில். அதிகாலையில் கிளம்ப இன்னொரு காரணமும் இருக்கிறது. வெயில் ஏறினால் பனி உருகி, பாதையைக் கடக்கும் ஓடைகளில் தண்ணீர் பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் பிற்பகலில் பைக்கை இழுக்கும்.

இரு சாலைகளும் பொதுவாகக் கோடைகாலத்துக்கு உரியவை. மே கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நம்பலாம். முன்பின் போகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஆனால் 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் மேகவெடிப்பு ஏற்பட்டு 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆற்றுப்படுகையில் கூடாரம் அடித்துத் தூங்குவது அழகான யோசனையாகத் தோன்றினால் அந்த இரவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைவலி வந்தால் சொல்ல வேண்டும்

மலைநோய் பெரும்பாலும் இறங்கிய உடனே வருவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மெல்ல எட்டிப்பார்க்கிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல். முதல் நாள் காலையில் உற்சாகமாக இருந்தவர் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்பார். இது முதல் கட்டம். அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் சரியாகும் வரை ஓர் அடி கூட மேலே போகக் கூடாது. இந்த ஒரு விதியை மீறியதில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

அடுத்த கட்டம் இரண்டு வகை. ஒன்று, நுரையீரலில் நீர் கோர்ப்பது. பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், படுத்தால் மூச்சு முட்டும், கடைசியில் இளஞ்சிவப்பு நுரையோடு சளி. ஜலதோஷம் என்று நினைத்து இருமல் சிரப் கொடுப்பது மிக ஆபத்தான தவறு. இன்னொன்று, மூளை வீக்கம். பேச்சு குழறும், குழப்பம் வரும், குடித்தவர் போலத் தள்ளாடுவார். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. ஆக்ஸிஜன், டாக்டர், உடனே இறக்கம். இந்த மூன்றும்தான் வைத்தியம்.

லடாக்கில் 'இறக்கம்' சொல்வது போல எளிதல்ல. பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கு மேல். அங்கே நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், லேயில் உள்ள எஸ்.என்.எம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கமான பாதை சுமார் 5,360 மீட்டர் உயரமுள்ள சாங் லாவின் மேல் ஏறி இறங்குகிறது. நோயாளியைக் கீழே கொண்டுபோக முதலில் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோக வேண்டும். நுப்ராவுக்கும் லேக்கும் நடுவில் கார்துங் லா. தலைவலியோடு லேயிலிருந்து கிளம்புவது என்பது ஆஸ்பத்திரிக்கும் தனக்கும் நடுவே ஒரு மலையை வைத்துக்கொள்வது.

இத்தனை தெரிந்தும் ஏன் கிளம்புகிறார்கள்? பெரும்பாலும் கூச்சம்தான் காரணம். எட்டுப் பேர் கோஷ்டியில் ஒருவருக்கு மட்டும் தலைவலி. வண்டி பேசியாகிவிட்டது. கூடாரத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. தன்னால் மற்றவர்களின் பயணம் கெடுவானேன் என்று அவர் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் 'ஒண்ணுமில்லை, ராத்திரி தூக்கமில்லை, அவ்வளவுதான்' என்பார். வீட்டுப் பெண்கள் இப்படிச் சொல்வதில் கைதேர்ந்தவர்கள். வயதான அப்பாக்கள் அதைவிட. குழந்தைகளுக்குச் சொல்லவே தெரியாது. சாப்பிடாமல், விளையாடாமல், காரணமின்றிச் சிணுங்கினால் அதையே தலைவலியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே கிளம்புவதற்கு முன்பே, ஊரிலேயே, கோஷ்டி முழுவதும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது. தினமும் காலையில் ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவருக்கு முடியாவிட்டால் அவரோடு ஒருவர் தங்க வேண்டும், தனியே விடக் கூடாது. யார் தங்குவது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கட்டிய பணம் போனால் போகட்டும் என்பதையும். இதை லேயில் வைத்துப் பேசினால் சண்டை வரும். வீட்டு ஹாலில் வைத்துப் பேசினால் வராது.

மாத்திரையும் டப்பாவும்

அசிட்டஸோலமைடு என்ற மாத்திரை, கடையில் 'டயமாக்ஸ்' என்ற பெயரில் கிடைப்பது, உடல் பழகுவதைச் சற்று வேகப்படுத்துகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து மேலே போய் இரண்டு நாள் வரை. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரமரக்கும், சோடா சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாங்களாக எடுக்கக் கூடாது. யாரானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. மாத்திரை போட்டுக்கொண்டோம் என்பதற்காக ஓய்வு நாளை வெட்டுவது, ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று சிவப்பு விளக்கைத் தாண்டுவதற்குச் சமம்.

கடைகளில் விற்கும் சிறிய ஆக்ஸிஜன் டப்பாக்களைப் பலர் தெய்வமாக நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பத்து லிட்டர் கொள்ளும் டப்பாவை நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பயன்படுத்தினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நோயாளிக்கு மணிக்கணக்கில் தேவைப்படும். டிரைவரிடம் உண்மையான ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அது நிரப்பியிருக்கிறதா என்று வண்டி பேசும்போதே கேட்க வேண்டும்.

கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் சென்னையில் 98 காட்டிய கருவி லேயில் 88 காட்டினால் அலற வேண்டியதில்லை. அந்த உயரத்தில் அது சகஜம். விரல் ஜில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். எல்லோருக்கும் 88 இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் 70 என்றால், அதோடு மூச்சும் வாங்கினால், அது எச்சரிக்கை.

தூக்கத்தில் சிலர் வேகமாக மூச்சு விட்டு, பிறகு சில விநாடி மூச்சே விடாமல் இருந்து, மறுபடி இழுத்து விடுவார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் திகிலாக இருக்கும். உயரத்தில் இது சாதாரணம். அதற்காகத் தூக்க மாத்திரை போடக் கூடாது, அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். மதுவும் அப்படியே. முதல் சில நாள் இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய், கடும் ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுக்குமுன் டாக்டரைப் பார்க்க வேண்டும், எடுத்த பிறகல்ல. முன்பு உயரத்தில் நுரையீரலில் நீர் கோர்த்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் குளிரில் உறையவிடாமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் நாளில் சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

பெட்டிக்குள்

காலண்டர் சரியானால் பெட்டி எளிது. ஜூலை, ஆகஸ்டிலும் பகலில் அரைக்கைச் சட்டை போதும் என்று தோன்றும், சூரியன் மறைந்ததும் பல் கிட்டும். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மெல்லிய உடைகள் உதவும். உடம்போடு ஒட்டிய உள்ளாடை, நடுவில் கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரும். காதை மூடும் குல்லா, கையுறை, இரண்டு மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ். கணவாய்களில் பனி கண்ணைக் கூசும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருளல்ல. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். நம் நிறத்துக்கு எதற்கு சன்ஸ்க்ரீன் என்பவர்கள் மூக்கு உரிந்து திரும்புகிறார்கள்.

காற்று வறண்டது. உதடு வெடிக்கும், மூக்கு காயும். தண்ணீரை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் மலைநோய் வராது என்பதும் உண்மையல்ல. வெந்நீர் பிளாஸ்க் ஒன்று கட்டாயம். சாப்பாடு எளிதாக, கொஞ்சமாக இருக்கட்டும். நம்மவர்களுக்குத் துணை ரசப்பொடி என்றால் எடுத்துப் போகட்டும். உள்ளூரில் கிடைக்கும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் அதே வேலையைச் செய்யும். தினமும் சாப்பிடும் மருந்துகளை இரண்டு பங்காக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வைப்பது நல்லது. பாங்காங்கில் மருந்துக் கடை தேட முடியாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பவர்பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக முடியும்.

போன், பணம், பர்மிட்

வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கோஷ்டியில் இரண்டு பேரிடமாவது வெவ்வேறு கம்பெனியின் போஸ்ட்பெய்டு இருந்தால் நல்லது. லேயைத் தாண்டினால் அதுவும் பல இடங்களில் எடுக்காது. ஏ.டி.எம்.மையும் போன் மூலம் பணம் கட்டுவதையும் லேயோடு மறந்துவிட்டு ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். மணாலி சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்ற பலகை பிரசித்தம். அங்கே டாங்க்கை நிரப்பாமல் தாண்டக் கூடாது. மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கில் நுப்ரா, பாங்காங் போக லேயின் உள்ளூர் சங்கங்கள் விடுவதில்லை. அங்கே உள்ளூர் பைக்தான் எடுக்க வேண்டும்.

எல்லையோரப் பகுதிகளுக்கு இந்தியர்கள் வாங்க வேண்டியிருந்த இன்னர் லைன் பெர்மிட் 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. ஆனாலும் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டிய ரசீதையும் அடையாள அட்டையையும் செக்போஸ்ட்டில் கேட்பார்கள். நகல்கள் நாலைந்து கையில் இருக்கட்டும். எல்லைப் பிரதேச விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் எத்தனை மீட்டர் உயரம் வரை அது செல்லும் என்ற சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. லடாக் ஒரு பாலைவனம். அங்கே ஒரு வாளித் தண்ணீர் பனி உருகி வந்த தண்ணீர். வெந்நீர்க் குளியல் முதல் இரண்டு நாள் வேண்டாம் என்பது உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எதிர்ப்படுபவரிடம் 'ஜூலே' என்று சொன்னால் போதும், வணக்கத்துக்கும் நன்றிக்கும் அந்த ஒரு சொல்தான். அறை வாசலில் உட்கார்ந்து வெயில் காயும் அந்த இரண்டு நாளில் அதைப் பழகிக்கொள்ள நிறைய நேரம் இருக்கும்.

லீவு ஆறு நாள்தான் கிடைத்தது என்றால்? அப்போதும் போகலாம். பாங்காங்கை விட்டுவிட்டு, லேயும் ஆல்ச்சியும் சிந்துவின் கரையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஏரி அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.